நாயை விரட்டாதீங்க... அந்தப் பழக்கத்தை விரட்டலாம்!



"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு மலம் தின்னத்தான் போகும்" என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு. மனுஷங்களைத் திட்டத்தான் இதை அதிகம் சொல்வார்கள். ஆனால் நாய் வளர்க்கிற சில வீடுகளில் இது பழமொழி இல்லை, தினசரித் தலைவலி. வெளியே சொல்லவும் வெட்கம். தப்பித் தவறிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டால், "அய்யே, அந்த நாயையா வீட்டுக்குள்ள விடுறீங்க?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அதனாலேயே நிறைய பேர் வாயைத் திறப்பதில்லை.

இந்தப் பகுதியில் சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் சண்டை என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். இதையும் ஒரு தடவை பேசிவிடலாமே என்றுதான் எழுதுகிறேன். நாய்க்குட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கி வருவது வீட்டுக்காரரும் பிள்ளைகளும்தான். ஆனால் காலையில் எழுந்து அதை அள்ளிக் கொட்டி, இடத்தைக் கழுவி விடுவது யார்? நாம்தானே! அப்படியானால் இது நம் பகுதியில் வரவேண்டிய விஷயம்தான். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துப் படியுங்கள்.

அத்தை வைத்த கெடு

போன வருஷம் எங்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர் வீட்டிலிருந்து இரண்டு மாசப் பெட்டைக்குட்டி ஒன்று வந்தது. ராஜபாளையம் நாய் கலந்த நாட்டுக்குட்டி. வெள்ளை வெளேரென்று இருந்ததால் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பையன் அதற்கு வெள்ளச்சி என்று பேர் வைத்தான். துறுதுறுவென்று நல்ல குட்டிதான். ஆனால் வந்த நாலாம் நாளே, கொல்லையில் வெளிக்குப் போய்விட்டுத் திரும்பி நின்று அதையே தின்றது. அத்தை கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். "சின்னப் பிள்ளை இருக்கிற வீடும்மா இது. அந்த வாயோட வந்து பிள்ளை முகத்தை நக்குது. நாளைக்கே மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வரச்சொல்லு" என்றார்கள். என் மகளுக்கு அப்போது மூன்று வயசு. அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தப் பக்கம் பையன், "அப்பத்தா, அதை விட்டா லாரியில அடிபட்டுச் செத்துப்போகும்" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் அழுதான். நான் நடுவில் நின்று, "விடுறதுன்னா விடுவோம் அத்தை. அதுக்கு முந்தி ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுவோம். எனக்கு ரெண்டு மாசம் தவணை கொடுங்க" என்று கேட்டேன். அரை மனசாகச் சரி என்றார்கள்.

அதற்குள் தெருவில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் அதன்மேல் மிளகாய்ப்பொடி தூவச் சொன்னார். ஒருத்தர் நாயின் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொன்னார். இன்னொருத்தர் கரண்டியைக் காய வைத்துச் சூடு போடச் சொன்னார். இதெல்லாம் கேட்கவே மனசு ஆகவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டரம்மா சொன்ன காரணங்கள்

அங்கே இருந்த டாக்டரம்மா நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "இதுக்கு ஏம்மா வெட்கப்படுறீங்க? இதுக்கு கோப்ரோபேஜியான்னு ஒரு பேரே இருக்கு" என்றார். அடுத்த நாள் காலையில் குட்டி போனதில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வரச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததில் உருண்டைப் புழுவின் முட்டை இருந்தது. தாய் வயிற்றில் இருக்கும்போதே இந்தப் புழு குட்டிக்கு வந்துவிடுமாம். தாய்ப்பால் வழியாகவும் வருமாம். நாம் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் குட்டி பிறக்கும்போதே கொண்டு வருகிற சொத்து அது! சாப்பிடுவதில் பாதியைப் புழு தின்றுவிட்டால் குட்டிக்கு எப்போதும் பசிதானே?

அவர் சொன்ன மற்ற காரணங்களையும் எழுதுகிறேன்.

தாய் நாய் குட்டி போட்ட முதல் மூன்று வாரம், குட்டிகளின் அடிப்பக்கத்தை நக்கி நக்கித்தான் அவற்றை வெளிக்குப் போக வைக்கும். போனதை அதுவே தின்று படுக்கையைச் சுத்தமாக வைக்கும். இது நோய் இல்லை, தாய்மை. குட்டிகள் வளரும்போது எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும். நம் பிள்ளைகள் தவழும்போது மண்ணைத் தின்பதில்லையா, அந்த மாதிரி. பல குட்டிகள் வளர வளரத் தானே விட்டுவிடும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. சிலதுக்கு அதுவே பழக்கமாக நின்றுவிடும்.

2018-ம் வருஷம் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பெஞ்சமின் ஹார்ட் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் நாய் வளர்க்கிறவர்களிடம் கேள்வி கேட்டு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்களாம். அதில் 100-க்கு 16 நாய் இந்த வேலையை அடிக்கடி செய்வதாகத் தெரிந்ததாம். அதாவது ஆறு நாய்க்கு ஒன்று! அவை தின்றதும் பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட புதுசைத்தானாம். அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மலத்தில் இருக்கும் புழு முட்டை வெளியே வந்த உடனே நோயைப் பரப்பாது. அது முற்ற நாள் ஆகும். நாயின் மூதாதையான ஓநாய்கள், தங்கள் குகைப் பக்கம் விழுந்ததை முட்டை முற்றுவதற்கு முன்னாலேயே தின்று இடத்தைச் சுத்தம் பண்ணியிருக்கலாம், அந்தப் புத்தி நாய்க்கும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்கிறார்கள். நமக்கு அருவருப்பு, அதற்கு அது வீடு கூட்டுகிற மாதிரி!

இந்தப் பழக்கத்தை நிறுத்தும் என்று கடையில் விற்கிற பொடி, மாத்திரைகளைப் பற்றியும் அதே ஆராய்ச்சியில் கேட்டிருக்கிறார்கள். பலன் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 100-க்கு 2 பேருக்கு மேல் தேறவில்லை. ஆகவே சகோதரிகளே, பொடி வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

இரண்டு வீடு, இரண்டு காரணம்

எல்லா வீட்டிலும் புழுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். கோயமுத்தூரில் என் நாத்தனார் வீட்டில் ஒரு அல்சேஷன் நாய். இரண்டு வயசு. சட்டிச் சட்டியாகச் சாப்பிடும். ஆனால் விலா எலும்பை எண்ணலாம். வெளிக்குப் போவதும் குவியலாக, வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அதையும் தின்றுவிடும். "தின்னிப்பண்டாரம்" என்று எல்லாரும் கேலி பண்ணினார்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனை பண்ணியதில், கணையத்தில் செரிமானத்துக்கு வேண்டிய நீர் சுரக்கவில்லை என்று தெரிந்தது. இந்த வியாதி அல்சேஷன் நாய்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருமாம். சாப்பாடு செரிக்காமல் அப்படியே வெளியே போனால் நாய்க்கு அதில் சாப்பாட்டு வாசனைதானே அடிக்கும்! இப்போது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அந்தச் சுரப்புக்குப் பதிலான பொடியைக் கலந்து வைக்கிறார்கள். ஆயுசு முழுக்க வைக்க வேண்டும். நாய் உடம்பு தேறிவிட்டது. இந்தப் பழக்கமும் போய்விட்டது.

இன்னொன்று எங்கள் தெருக்கோடி வீட்டு நாய். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் கட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அவிழ்ப்பார்கள். அந்த ஒரு சங்கிலி நீளத்துக்குள்ளேயே அது இருக்க வேண்டும், போக வேண்டும், படுக்க வேண்டும். சாயங்காலம் வந்து தரையில் கிடப்பதைப் பார்த்தால் அடி. அது என்ன பண்ணும்? பொழுதும் போகவில்லை, படுக்கிற இடமும் அசிங்கம், இருந்தால் அடியும் விழும். தின்று தீர்த்துவிட்டது! அடி வாங்குகிற நாய் அந்தப் பயத்திலேயே தடயத்தை மறைக்கப் பழகிக்கொள்வது உண்டு என்றார் டாக்டரம்மா. இதை நான் அந்த அக்காவிடம் பக்குவமாகச் சொன்னேன். மாமனாரை மதியம் ஒரு தடவை வந்து அவிழ்த்துவிடச் சொல்லி ஏற்பாடு பண்ணினார்கள். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போகிறார்கள். இப்போது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

இன்னும் சில காரணங்களும் உண்டு. தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற நாய்க்குக் கொலைப்பசி எடுக்கும். சர்க்கரை வியாதி வந்த நாய்க்கும் அப்படித்தான். அது வரைக்கும் ஒழுங்காக இருந்த பெரிய நாய் திடீரென்று இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தாலோ, இளைத்துக்கொண்டே போனாலோ, தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி ஒண்ணுக்குப் போனாலோ, கழிச்சலில் ரத்தம் வந்தாலோ வைத்தியத்தை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். ஸ்டீராய்டை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நான் செய்தது என்ன?

வெள்ளச்சிக்கு டாக்டரம்மா எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார். குட்டிகளுக்கு இரண்டு வார வயசிலிருந்து மூன்று மாசம் வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், ஆறு மாசம் வரை மாசம் ஒரு தடவையும், அதன்பிறகு மூன்று மாசத்துக்கு ஒரு தடவையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம் என்றார். அளவு எடைக்குத் தகுந்தபடி மாறும். அதனால் பக்கத்து வீட்டு மருந்தை வாங்கி ஊற்றாதீர்கள். மருந்தோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல் கீழே எழுதியிருப்பதை விடாமல் செய்தேன்.

* நாய் எப்போது போகும் என்று ஒரு வாரம் கவனித்தேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி, அரை மணி நேரத்திலும், ஓடி விளையாடிய பிறகும்தான் போகும். அந்த நேரத்துக்குக் கயிறு போட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடிக்கு நானே கூட்டிப்போனேன். தினமும் ஒரே இடம். தானாகத் திரிய விடவில்லை.

* போய் முடித்த அந்த நிமிஷமே, "வெள்ளச்சி, இங்க வா" என்று கூப்பிட்டு நாலடி தள்ளி வரவைத்து, அவித்த முட்டையில் ஒரு துணுக்கு கொடுப்பேன். திரும்பிப் பார்ப்பதைவிட என்னிடம் ஓடி வந்தால் லாபம் என்று அதற்குப் புரிய வேண்டும். கொஞ்ச நாளில் போய் முடித்ததும் தானே என் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

* அது முட்டையைத் தின்று முடிக்கும் முன்னே நான் அள்ளிவிடுவேன். பழைய தகர முறமும் ஒரு துண்டு அட்டையும் இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். அள்ளியதைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம், இல்லையென்றால் ஆழமாகக் குழி தோண்டி மூடலாம். கீரைப்பாத்திக்கு உரம் என்று மட்டும் போடவே கூடாது. சாணியும் இதுவும் ஒன்றல்ல.

* அது வாயை வைத்துவிட்டால் கத்திக்கொண்டு ஓடக்கூடாது. நாம் ஓடினால் அது விளையாட்டு என்று நினைக்கும், இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள் என்று அவசரமாக விழுங்கும். என் பையன் முதலில் அப்படித்தான் துரத்துவான். அவனிடமும் சொல்லிச் சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று.

* "விடு" என்ற ஒரு சொல்லை வீட்டுக்குள்ளேயே பழக்கினேன். சப்பாத்தித் துண்டை மூடின கைக்குள் வைத்து நீட்டினால் மோந்து, நக்கி, பிறாண்டிப் பார்க்கும். வாயை எடுத்துப் பின்வாங்குகிற நொடியில் "விடு" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து வேறு ஒன்று கொடுக்க வேண்டும். இது நன்றாகப் படிந்த பிறகுதான் தெருவில் எடுபடும்.

* சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக ஒரு நாளைக்கு நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். ஆறு மாசம் ஆன பிறகு இரண்டு வேளை. வெறும் தயிர்ச்சாதம் மட்டும் போட்டால் வளர்கிற நாய்க்குப் போதாது. முட்டை, கோழி, வேகவைத்த பருப்பு, பூசணி, கேரட் என்று சேர்க்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். குழம்பில் வெந்த கோழி எலும்பும் குத்திக் கிழித்துவிடும். சைவ வீட்டுச் சகோதரிகள் சத்துக்கு என்ன பண்ணலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

* காலையும் மாலையும் அரைமணி நேரம் நடை. அதை வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டேன். அவருக்கும் தொப்பை குறையட்டும் என்றுதான்!

தெருவில் கண்டதையெல்லாம் வாயில் எடுக்கிற பெரிய நாயாக இருந்தால், நடக்கப் போகும்போது கூடை மாதிரி இருக்கிற வாய்மூடியைப் போடலாம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் இடம் இருக்கும். நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் போட வேண்டும். போட்டுவிட்டுக் கட்டிப்போடக் கூடாது.

மிளகாய்ப்பொடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அது நாயின் வாயையும் வயிற்றையும்தான் எரிக்கும். அடுத்த தடவை பொடி இல்லாததை மோந்து பார்த்துத் தின்னும். மூக்கைத் தேய்ப்பதும் அப்படித்தான். நாய்க்கு நம்மிடம் பயம் வருமே தவிர, விஷயம் புரியாது.

பிள்ளைகள் இருக்கிற வீட்டில்

அத்தை பயந்தது என் மகளுக்காகத்தான். அது வீண் பயம் இல்லை. உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து முற்றி, கையோடு பிள்ளை வயிற்றுக்குள் போனால், அந்தப் புழு ஈரல், நுரையீரல் பக்கம் அலையும். அபூர்வமாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையையே கெடுத்துவிடும். கொக்கிப் புழு வெறுங்காலில் தோலைத் துளைத்து ஏறும்.

ஆனால் இங்கேதான் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உருண்டைப் புழுவின் முட்டை அன்றைக்கே ஒட்டாது, முற்றுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார் டாக்டரம்மா. கொக்கிப் புழு அப்படி இல்லை, சில நாளிலேயே தயாராகிவிடும். எதுவானாலும் அன்றன்று அள்ளிவிட்டால் நாய்க்கும் தின்ன ஒன்றும் இருக்காது, பிள்ளைக்கும் ஆபத்து குறையும். ஒரே வேலையில் இரண்டு பிரச்னை தீர்கிறது. நாயின் பழக்கத்தை நிறுத்த இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

எங்கள் வீட்டில் சில சட்டங்கள் போட்டேன். நாய் பிள்ளையின் வாயை, முகத்தை நக்கக்கூடாது. நாயைத் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டைத் தொடக்கூடாது. கொல்லைக்குப் போனால் செருப்பு. நாய் எதையாவது தின்றுவிட்டால் ஈரத்துணியால் வாயைத் துடைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, கொஞ்ச நேரம் தள்ளியே வைத்திருப்போம்.

கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு ஒன்று. குழந்தைக்குப் போட்டுக் கழற்றிய டயபரை நாய்க்கு எட்டுகிற மாதிரி போடாதீர்கள். அதில் உள்ளதற்காக நாய் டயபரையே விழுங்கிவிடும். உள்ளே இருக்கிற பஞ்சும் பசையும் ஊதிக் குடலை அடைத்தால் ஆபரேஷன் வரைக்கும் போகும். மூடி போட்ட டப்பாதான் நல்லது.

கடைசியாக...

வெள்ளச்சிக்குப் பழக்கம் நிற்க இரண்டரை மாசம் ஆயிற்று. அத்தை கொடுத்த தவணையைத் தாண்டி இரண்டு வாரம். அத்தையும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போதும் அடைமழை பெய்து நான் கூடப் போகாத நாளில் ஒன்றிரண்டு தடவை வாய் வைக்கப் பார்க்கும். "விடு" என்றால் விட்டுவிடும். நூற்றுக்கு நூறு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்ற நிலைமை போய்விட்டது.

இந்த ஒரு பழக்கத்துக்காகவே எத்தனையோ நாய்களை மார்க்கெட்டிலும் ரயில்வே கேட் பக்கத்திலும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பட்டினி கிடந்து சாகிற மாதிரி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், வீட்டுச் சாப்பாடு பழகிய நாய் தெருவில் பிழைக்குமா? அங்கே அதற்குக் கிடைப்பது குப்பைத் தொட்டியும் மற்ற நாய்களின் கடியும்தான். நாம் எதற்காக விட்டோமோ, அதையே தின்றுதான் அது உயிர் வாழ வேண்டியிருக்கும்.

ஆகவே விரட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு, மூன்று மாசம் அதன் பின்னாலேயே முறத்தோடு நடங்கள். வீட்டில் உள்ளவர்களையும் முறம் பிடிக்கச் சொல்லுங்கள். நாய் எல்லாருக்கும் செல்லம், முறம் மட்டும் நமக்கா?

வேறு நல்ல வழி கண்டுபிடித்த சகோதரிகள் வெட்கப்படாமல் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்.